ஹியூ ஃபாஸ்

ஹியூ ரோஸ் ஃபாஸ் (மே 13, 1902 – டிசம்பர் 23, 1971) ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த மறைக்குறியீட்டு ஆய்வாளரும், ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடனங்கள் பலவற்றை அமைத்தவரும் ஆவார். எனிக்மா எந்திரத்தை பிரித்தானியாவில் முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர். ஜப்பானியக் கடற்படையின் மறைக்குறியீட்டு எந்திரம் ஒன்றை முறித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் ஜப்பானியக் கடற்படைக் குறியீட்டுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். ஓய்வு பெற்ற பின் தெற்கு ஸ்காட்லாந்தின் காலவே பகுதியில் குடியேறி, புதிய நடனங்களை அமைத்து வெளியிட்டார். அவற்றுள் போல்ஹாரோ பர்ன் என்னும் நடனம் பல நாடுகளிலும் இன்றும் ஆடப்பட்டு வருகிறது.

இவர் உயிருடன் இருந்த காலத்தில் இவருடைய மறைக்குறியீட்டுப் பணி அரசு இரகசியமாக இருந்தது. பொதுமக்கள் அறிந்த ஃபாஸ் நடன அமைப்பாளரான ஃபாஸ் மட்டுமே. இரண்டு துறைகளிலும் இவர் செய்தவை அடுத்தடுத்து வைத்து எழுதப்பட்டது இவருடைய மறைவுக்குப் பின்னரே.

இளமை

ஃபாஸ் ஜப்பானின் கோபே நகரில் 1902ஆம் ஆண்டு பிறந்தார். இவருடைய தந்தை ஹியூ ஜேம்ஸ் ஃபாஸ் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சமயப் பணியாளர். 1899 முதல் ஒசாகாவின் ஆயராகப் பணியாற்றினார். இதனால் ஃபாஸ் சிறு வயதிலேயே ஜப்பானிய மொழியைக் கேட்டும் பேசியும் வளர்ந்தார். பின்னாளில் இவருடைய பணியின் போக்கை இந்த மொழியறிவு பெரிதும் தீர்மானித்தது.

பள்ளிக் கல்வியை இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரியிலும், உயர்கல்வியை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியிலும் பெற்றார். 1924ஆம் ஆண்டு அரசு குறியீடு மற்றும் சங்கேதப் பள்ளியில் பணியில் சேர்ந்தார். பள்ளி என்று பெயர் கொண்டிருந்தாலும் இது மாணவர்களுக்கான நிறுவனம் அன்று. முதல் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய அரசு உருவாக்கிய இரகசிய அமைப்பு இது. பிற நாடுகளின் மறைச்செய்திகளைப் படிப்பதும், தன் நாட்டுச் செய்திகளைப் பிறர் படிக்காமல் காப்பதும் இதன் இரு கடமைகளாக இருந்தன.

எனிக்மா ஆய்வு

எனிக்மா என்பது ஜெர்மனியில் வணிக நிறுவனங்களின் பயன்பாட்டுக்காக முதலில் விற்கப்பட்ட மின்-எந்திர மறைக்குறியீட்டுக் கருவி ஆகும். விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்தினால், உட்கம்பிகள் பிணைக்கப்பட்ட சுழலிகள் வழியே மின்சாரம் சென்று வேறோர் எழுத்தின் விளக்கை எரியச் செய்யும். ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் சுழலி ஒரு படி நகர்வதால், அதே எழுத்தை மீண்டும் அழுத்தினாலும் பெரும்பாலும் வேறு எழுத்தே கிடைக்கும்.

இந்தக் கருவி பாதுகாப்பானதா எனச் சோதிக்கும் பணி 1927ஆம் ஆண்டு ஃபாஸிடம் ஒப்படைக்கப்பட்டது. செய்தியின் ஒரு பகுதிக்கு உரிய மூலச் சொற்களை ஊகிக்க முடிந்தால் கருவியைத் தாக்கலாம் என அவர் காட்டினார். சுழலிகளின் கம்பிப் பிணைப்பு முன்பே தெரிந்திருந்தால் சுமார் 15 எழுத்துகள் போதும். பிணைப்பு தெரியாத நிலையில் சுமார் 180 எழுத்துகள் தேவைப்படும் என்பது அவருடைய முடிவு. எதிர்மின் தகடு ஒன்று மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால் எந்த எழுத்தும் தனக்குத் தானே மறைக்குறியீடாக வருவதில்லை. இத்தகைய ஒழுங்குகளே ஆய்வாளருக்குப் பிடிமானமாக அமைந்தன.

ஃபாஸ் ஆராய்ந்தது வணிக வகைக் கருவி ஆகும். ஜெர்மானியப் படைகள் பின்னர் செருகுபலகை ஒன்றைச் சேர்த்துக் கருவியைப் பலமடங்கு கடினமாக்கின. அந்தப் படைத்துறைக் கருவியை முதலில் முறித்தவர்கள் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள். மரியன் ரெயெவ்ஸ்கி 1932ஆம் ஆண்டு இறுதியில் இதனைச் செய்தார்.

ஜப்பானிய எந்திரம்

1934ஆம் ஆண்டு ஃபாஸும், மூத்த ஆய்வாளரான ஆலிவர் ஸ்ட்ரேச்சியும் இணைந்து ஜப்பானியக் கடற்படைத் தூதுப் பிரதிநிதிகள் பயன்படுத்திய மறைக்குறியீட்டு எந்திரத்தை முறித்தனர். எந்திரத்தை ஒருமுறைகூடக் கண்ணால் காணாமல், ஒட்டுக்கேட்கப்பட்ட செய்திகளை மட்டும் கொண்டு அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்ததே இச்சாதனையின் சிறப்பு. அதற்கு அடுத்த ஆண்டு, இலண்டன் பெருநகரக் காவல்துறையின் வானொலிப் பிரிவைச் சேர்ந்த ஹரால்டு கென்வொர்த்தி இக்கண்டுபிடிப்பின் அடிப்படையில் மறைவிலக்கக் கருவி ஒன்றைக் கட்டினார். அது ஜே-எந்திரம் என அழைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்

போர் மூண்டபோது அரசு குறியீடு மற்றும் சங்கேதப் பள்ளி இலண்டனிலிருந்து பக்கிங்காம்சயரில் உள்ள பிளெட்ச்லி பார்க் மாளிகைக்கு இடம்பெயர்ந்திருந்தது. வளாகத்தில் எழுப்பப்பட்ட மரக்கொட்டகைகள் எண்களால் குறிக்கப்பட்டன. ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா செய்திகளை எட்டாம் கொட்டகை கையாண்டது. ஆலன் டூரிங் அங்கு பணியாற்றினார்.

ஃபாஸ் நாள்

ஜெர்மானியக் கடற்படை 8 சுழலிகளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தியது. இதனால் சுழலி வரிசைக்கு மட்டும் 336 வாய்ப்புகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எந்திரத்தில் சோதிக்க நேரமும் எந்திரங்களும் போதவில்லை. வாய்ப்புகளைக் குறைக்க டூரிங் ஒரு முறையை வகுத்தார். பான்பரி நகரில் அச்சிடப்பட்ட நீண்ட தாள்கள் இதற்குப் பயன்பட்டதால் இம்முறை பான்பரிஸ்மஸ் எனப் பெயர் பெற்றது.

இதன் செயல்பாடு பின்வருமாறு. ஒவ்வொரு செய்தியும் ஒரு தாளில் துளைகளாகக் குறிக்கப்படும். இரு தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒன்றை மட்டும் சிறிது சிறிதாக நகர்த்தி, எத்தனை துளைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன என எண்ணுவர். இரு செய்திகளும் எந்திரத்தின் ஒரே நிலையில் மறைக்கப்பட்டிருந்தால், எழுத்துகள் பொருந்தும் வாய்ப்பு சுமார் 17க்கு 1. தொடர்பற்ற நிலையில் அது 26க்கு 1 மட்டுமே. இந்தச் சிறு வேறுபாட்டைத் தொடர்ந்து கவனித்தால், வலப்புற மற்றும் நடுச் சுழலிகள் எவை என ஊகிக்க முடியும்.

1940ஆம் ஆண்டு நவம்பரில் இம்முறையைக் கொண்டு ஃபாஸ் ஒரு முழு நாளின் செய்திகளை முறித்தார். அந்த நாள் மே 8, 1940. ஆறு மாதம் பழைய செய்திகள் என்பதால் போர்க்களத்தில் அவற்றுக்கு உடனடிப் பயன் இல்லை. எனினும், அதுவரை தாளில் மட்டும் இருந்த ஒரு முறை நடைமுறையில் வெல்லும் என்பதை அது உறுதி செய்தது. பிளெட்ச்லியில் அந்நாள் ஃபாஸ் நாள் என்றே குறிப்பிடப்பட்டது.

ஜப்பானியக் கடற்படைப் பிரிவு

ஜப்பான் போரில் இறங்கிய பின், 1942ஆம் ஆண்டு ஃபாஸ் பிளெட்ச்லியின் ஜப்பானியக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். இப்பிரிவு ஏழாம் கொட்டகையில் இயங்கியது. ஜப்பானிய மொழி அறிந்தோர் மிகக் குறைவாக இருந்ததால், புதியவர்களுக்கு மொழியையும் மறைக்குறியீட்டையும் ஒருசேரக் கற்பிக்க வேண்டியிருந்தது. இதே பணியைக் கிழக்கில் செய்து வந்த பிரித்தானிய நிலையம் 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு நகர்ந்தது. பின்னர் கென்யாவின் கிலிண்டினிக்குச் சென்று, 1943இல் மீண்டும் கொழும்புக்கே திரும்பியது.

1944இல் ஃபாஸ் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு அமெரிக்கக் கடற்படையின் குறியீட்டு ஆய்வாளர்களுடன் பணியாற்றினார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், செந்நிறத் தாடி, காலில் செருப்பு ஆகியவற்றுடன் அலுவலகம் வந்த அவருக்கு, அமெரிக்கச் சக பணியாளர்கள் கடன்-குத்தகை இயேசு என்னும் பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டினர். கடன்-குத்தகை என்பது அக்காலத்தில் அமெரிக்கா நேச நாடுகளுக்குப் போர்ப்பொருட்களை வழங்கிய திட்டத்தின் பெயராகும்.

பிளெட்ச்லியில் நடனம்

பிளெட்ச்லி பார்க்கில் பல்லாயிரம் பேர் மூன்று முறைப்பணிகளில் வேலை செய்தனர். தம் வேலையைப் பற்றி வீட்டாரிடமோ, பக்கத்துக் கொட்டகையில் இருந்தவரிடமோ பேச அவர்களுக்கு அனுமதி இல்லை. இந்நிலையில் இசை, நாடகம், சதுரங்கம், நடனம் முதலியவற்றுக்கான சங்கங்கள் அங்கு தோன்றின. ஸ்காட்லாந்து நடனக் குழுவை நடத்தியவர் ஃபாஸ். கில்ட் எனப்படும் மரபான ஸ்காட்லாந்து ஆடையை அணிந்து அவரே நடனங்களைக் கற்பித்தார். எழுத்தர், இயந்திர இயக்குநர், பேராசிரியர் என்ற வேறுபாடின்றி ஒரே அணியில் நின்று ஆட இக்குழு இடமளித்தது.

நடனத்தின் பின்னணி

ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடனம் இணைகளாக நின்று ஆடப்படும் கூட்டு நடனமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் இது ஸ்காட்லாந்தின் மாளிகைக் கூடங்களிலும் ஊர்ப்புறக் களஞ்சியங்களிலும் ஒருங்கே செழித்தது. முதல் உலகப் போருக்குப் பின் புதுவகை நடனங்களின் வரவால் இது அருகத் தொடங்கியது. இதைக் காக்கும் நோக்கில் ஜீன் மில்லிகன், யசபெல் ஸ்டூவர்ட் ஆகியோரின் முயற்சியால் 1923 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோ நகரில் ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடனச் சங்கம் நிறுவப்பட்டது. இச்சங்கம் 1924இல் 12 நடனங்கள் கொண்ட முதல் நூலை வெளியிட்டது. 1951 முதல் அரச என்னும் அடைமொழியைப் பெற்றது.

சங்கத்தின் முதல் அக்கறை பழையவற்றை மீட்பதாகவே இருந்தது. பழைய அச்சு நூல்களிலிருந்தும், கையெழுத்துப் படிகளிலிருந்தும், முதியோர் நினைவிலிருந்தும் நடனங்கள் திரட்டப்பட்டன. புதிதாக ஒருவர் அமைக்கும் நடனத்துக்கு இதில் இடம் உண்டா என்ற கேள்வி இயல்பாக எழுந்தது.

இக்கேள்விக்கு ஒரு முக்கிய விடை போர்க்களத்திலிருந்து வந்தது. 1940 ஜூனில் பிரான்சின் செயின்ட் வலேரி என்னும் இடத்தில் ஐம்பத்தொன்றாம் ஹைலண்ட் படைப்பிரிவின் வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டனர். பவேரியாவின் லாஃபன் சிறைமுகாமில் இருந்த அவர்களுள் சிலர் புதிய நடனம் ஒன்றை அமைத்தனர். ஆடுவோர் மூலைவிட்டமாக நீட்டி நிற்கும் கோடுகள் ஸ்காட்லாந்துக் கொடியில் உள்ள புனித ஆண்ட்ரூவின் சிலுவையைக் காட்டும். ஐம்பத்தொன்றாம் படைப்பிரிவின் ரீல் என்னும் இந்நடனத்தைச் சங்கம் 1945இல் தனது பதின்மூன்றாம் நூலில் வெளியிட்டது. புதிய நடனமும் மரபின் பகுதியாகலாம் என்பதற்கு இது சான்றாயிற்று. ஃபாஸின் நடனப் பணி இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கத் தக்கது.

டால்ரியில் வாழ்க்கை

போருக்குப் பின் ஃபாஸ் புதிதாகப் பெயர் மாற்றப்பட்ட அரசுத் தகவல்தொடர்புத் தலைமையகத்தில் தொடர்ந்து பணியாற்றி, 1953இல் ஓய்வு பெற்றார். பின் தெற்கு ஸ்காட்லாந்தின் காலவே பகுதியில் கென் ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் ஜான்ஸ் டவுன் ஆஃப் டால்ரி என்னும் சிற்றூரில் குடியேறினார். ஜப்பானில் பிறந்து இங்கிலாந்தில் படித்த ஒருவர், ஸ்காட்லாந்து மரபுக்குப் பங்களிக்க அங்கேயே சென்று வாழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

தாம் அமைத்த நடனங்களை ஃபாஸ் தனித்தனித் தாள்களாக வெளியிட்டார். இவை கிளென்டராக் தாள்கள் எனப்படுகின்றன. பெரிய நூலுக்காகக் காத்திராமல் ஒரு நடனம் முடிந்ததும் அதனைப் பரப்ப இம்முறை உதவியது. ஒரு நடன வகுப்பின் ஆசிரியர் தமக்கு வேண்டிய தாளை மட்டும் பெற்று, அடுத்த வகுப்பிலேயே கற்பிக்கலாம். பின்னர் காலவே தொகுப்பு போன்ற தொகுதிகளும் வெளிவந்தன.

புதிய நடனம் அமைக்கப்படும் விதம்

ஃபாஸின் பங்களிப்பை அறிய, இத்தகைய நடனம் எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை அறிவது அவசியம்.

வழக்கமான அணியில் நான்கு இணைகள் இரு வரிசைகளாக எதிரெதிரே நிற்பர். ஒரு வரிசையில் ஆண்கள், மற்றொன்றில் பெண்கள். இசைக்கு மிக அருகில் நிற்பது முதல் இணை. இசை பெரும்பாலும் எட்டுத் தாள அலகுகள் கொண்ட பகுதிகளாகவும், நான்கு பகுதிகள் சேர்ந்து 32 தாள அலகுகளாகவும் அமையும். விரைவான ரீல், துள்ளலான ஜிக், மெதுவான ஸ்ட்ராத்ஸ்பே என மூன்று முக்கிய வகைகள் உண்டு. இவற்றுள் ஸ்ட்ராத்ஸ்பே ஸ்காட்லாந்துக்கே உரியது.

நடனம் அமைப்பவர் முற்றிலும் புதிய அசைவுகளை உருவாக்குவது அரிது. கைகோத்துச் சுற்றுதல், வரிசைக்குப் பின்னால் சென்று கீழிறங்குதல், மூவர் அல்லது நால்வர் எட்டு வடிவில் ஒருவரையொருவர் ஊடறுத்துச் செல்லும் ரீல், வட்டமாகச் சுற்றுதல் போன்ற அமைவுகள் முன்பே உள்ளன. அவற்றைத் தேர்ந்து வரிசைப்படுத்துவதே அமைப்பவரின் பணி. அதில் பின்வரும் கட்டுப்பாடுகளை அவர் நிறைவு செய்ய வேண்டும்.

- ஒவ்வோர் அமைவும் தனக்குரிய தாள அலகுகளுக்குள் முடிய வேண்டும். இசைப் பகுதி மாறும்போது அசைவும் மாறுவது நன்று.
- ஓர் அமைவு முடியும் இடமும் முகம் நோக்கும் திசையும் அடுத்த அமைவின் தொடக்கத்துக்குப் பொருந்த வேண்டும். வலக்கை கொடுத்துச் சுற்றியவர் அடுத்து இடக்கை கொடுத்தால் ஓட்டம் தடைபடாது.
- இருவர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கடக்கக் கூடாது.
- ஒரு சுற்றின் முடிவில் இணைகள் புதிய வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த சுற்றை வேறோர் இணை தொடங்க வேண்டும்.
- எல்லாச் சுற்றுகளும் முடிந்தபின் அனைவரும் தத்தம் தொடக்க இடத்தில் இருக்க வேண்டும்.

தாளில் சரியாகத் தோன்றும் நடனம் தரையில் தவறலாம். குறித்த நேரத்தில் கடக்க முடியாத தொலைவு, கை எட்டாத திருப்பம், இருவர் மோதும் மூலை ஆகியவை ஆடும்போதே வெளிப்படும். எனவே அமைப்பவர் ஓர் அணியைத் திரட்டி ஆடச்செய்து, திருத்தி, மீண்டும் ஆடச்செய்து பார்ப்பது வழக்கம். இறுதியில் பொருத்தமான மெட்டும் பெயரும் நடனத்துக்குச் சூட்டப்படும்.

ஆடும்போது இசைக்குழு முதலில் ஒரு நாதத்தை ஒலிக்கும். ஆடுவோர் தம் இணையை நோக்கி வணங்குவர். அதன்பின் நடனம் தொடங்கும். முடிவிலும் அவ்வாறே வணங்கி முடிப்பர்.

போல்ஹாரோ பர்ன்

ஃபாஸ் அமைத்த நடனங்களுள் மிகவும் புகழ்பெற்றது போல்ஹாரோ பர்ன். டால்ரிக்கு அருகே மலைப்பகுதியில் தோன்றிக் கென் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடையின் பெயரே நடனத்துக்கு இடப்பட்டது. பர்ன் என்பது ஸ்காட்லாந்து வழக்கில் ஓடையைக் குறிக்கும்.

இது 32 தாள அலகுகள் கொண்ட ரீல் வகை நடனம். வழக்கமான நான்குக்குப் பதிலாக இதில் ஐந்து இணைகள் ஆடுகின்றன. முதல் இணையும் மூன்றாம் இணையும் ஒரே நேரத்தில் நடனத்தை முன்னெடுக்கின்றன. மூலைவிட்டமாக நால்வர் ஆடும் அரை ரீல்கள் இதன் நடுப்பகுதி. அணியின் நடுவில் உள்ளவர்கள் ஒரே சமயத்தில் மேலும் கீழும் நிகழும் அசைவுகளுக்கு இடையில் நிற்பதால், ஒருவர் ஒரு தாள அலகு பிந்தினாலும் அது அணி முழுவதையும் பாதிக்கும். ஒரு சுற்று முடிய அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகும்.

இந்நடனத்தில் இணைகள் இடம் மாறும் ஒழுங்கு கவனிக்கத் தக்கது. மேலிருந்து கீழாக இணைகள் நிற்கும் வரிசை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பின்வருமாறு அமையும்.

- தொடக்கம்: 1, 2, 3, 4, 5
- முதல் சுற்று முடிவில்: 2, 4, 1, 5, 3
- இரண்டாம் சுற்று முடிவில்: 4, 5, 2, 3, 1
- மூன்றாம் சுற்று முடிவில்: 5, 3, 4, 1, 2
- நான்காம் சுற்று முடிவில்: 3, 1, 5, 2, 4
- ஐந்தாம் சுற்று முடிவில்: 1, 2, 3, 4, 5

ஐந்து சுற்றுகளில் அனைவரும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி விடுகின்றனர். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முதல், மூன்றாம் இடங்களில் நிற்போரைக் கவனித்தால், ஐந்து இணைகளும் சரியாக இரண்டு முறை நடனத்தை முன்னெடுப்பது தெரியவரும். முதல் இடத்தில் தொடங்கும் இணை அடுத்த சுற்றில் மூன்றாம் இடத்திலிருந்து ஆடி, அதன் முடிவில் அணியின் அடியை அடைகிறது. தொடக்கத்தில் மூன்றாம் இடத்தில் நின்ற இணை மட்டும் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் முன்னெடுக்கிறது. யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

கணிதத்தில் இத்தகைய இடமாற்றம் வரிசைமாற்றம் எனப்படும். எனிக்மாவின் ஒவ்வொரு சுழலியும் 26 எழுத்துகளின் வரிசைமாற்றமே ஆகும். அங்கு மாற்றத்தின் ஒழுங்கைக் கண்டுபிடித்து அவிழ்ப்பது வேலை. இங்கு மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கை அமைப்பது வேலை.

பிற நடனங்கள்

ஃபாஸ் அமைத்த பிற நடனங்களுள் சில:

- ஃபியூகல் ஃபெர்கஸ்: 48 தாள அலகுகள் கொண்ட ரீல். மேலை இசையில் ஒரே இசைக்கருத்து அடுத்தடுத்த குரல்களில் தொடங்கிப் பின்னும் ஃபியூக் வடிவத்தைப் பெயரில் தாங்கியது.
- ஜான் மகால்பின்: ஸ்ட்ராத்ஸ்பே வகை. மெதுவான இசையில் அணியின் நான்கு இணைகளும் ஈடுபடும் நடனம்.
- ஏரி பென்னன்: ஐந்து இணைகளுக்கான ஸ்ட்ராத்ஸ்பே.
- தி வீ கூப்பர் ஓ ஃபைஃப்: 40 தாள அலகுகள் கொண்ட ஜிக். அதே பெயருடைய ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலின் மெட்டுக்கு அமைக்கப்பட்டது.
- ஜே. பி. மில்னே: ரீல் வகை. ஃபிடில் கலைஞர் ஆங்கஸ் ஃபிட்செட் இயற்றிய மெட்டின் பெயரையே கொண்டது.

மரபும் புதுமையும்

மரபுக் கலை ஒன்றில் புதியது சேர்ப்பவர் இரு எதிர்ப்புகளைச் சந்திக்க நேரும். பழையதைக் காப்போருக்கு அது மரபைக் கலைப்பதாகத் தோன்றும்; புதுமை விரும்புவோருக்கு அது போதாததாகத் தோன்றும். ஃபாஸின் நடனங்கள் காலடி முறையிலும் இசையிலும் மரபுக்கு உட்பட்டவை. அணியின் அமைப்பிலும் இணைகளின் இடமாற்றத்திலும் அவை புதியவை. ஆடத் தெரிந்தவர்கள் புதிய காலடிகளைக் கற்கத் தேவையில்லை. தாம் அறிந்த அமைவுகள் எதிர்பாராத இடத்தில் இணைவதைக் கவனித்தால் போதும்.

பழைய நடனங்கள் என இன்று கருதப்படுபவையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரால் புதிதாக அமைக்கப்பட்டவையே. பதினெட்டாம் நூற்றாண்டில் நடன ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்காகப் புதியவற்றைத் தொடர்ந்து அமைத்து வந்தனர். அவ்வழக்கம் நின்றுபோன இடைவெளிக்குப் பின் அதை மீண்டும் தொடங்கியவர்களுள் ஒருவராக ஃபாஸைக் கருதலாம். இந்நடனக் கலை காலந்தோறும் அடைந்த மாற்றங்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்த பின் 1973இல் நூலாக வெளிவந்தன.

இரகசியமும் மறைவும்

ஃபாஸ் 1971 டிசம்பர் 23 அன்று காலமானார். பிளெட்ச்லி பார்க்கில் எனிக்மா முறிக்கப்பட்ட செய்தி பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது 1974ஆம் ஆண்டில், பிரெடரிக் விண்டர்போதமின் நூல் வெளியான பிறகே. அதற்கு முன் மறைந்த பலரைப் போல, ஃபாஸும் தம் பணிக்கான பொது ஏற்பினைக் காணவில்லை. டால்ரியில் அவரிடம் நடனம் கற்றவர்களுக்கும், கிளென்டராக் தாள்களை வாங்கியவர்களுக்கும் அவர் நடனம் அமைக்கும் ஓர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர் மட்டுமே.

எனிக்மா பற்றிய தம் நினைவுகளை ஃபாஸ் 1949ஆம் ஆண்டிலேயே தம் துறைக்காக எழுதி வைத்திருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2001இல் வெளியான பிளெட்ச்லி பார்க் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் அவை அச்சேறின. 1927ஆம் ஆண்டின் எனிக்மா ஆய்வு பற்றி இன்று அறியப்படுபவற்றுள் பெரும்பகுதி இக்குறிப்புகளிலிருந்தே பெறப்பட்டது.

அவருடைய நடனங்களுக்கு இத்தகைய காத்திருப்பு நேரவில்லை. அவை வெளியான நாள் முதலே கையிலிருந்து கைக்கும், வகுப்பிலிருந்து வகுப்புக்கும் பரவின. ஸ்காட்லாந்து நடன வகுப்புகள் நடைபெறும் பல நாடுகளில் போல்ஹாரோ பர்ன் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான நடனங்களுள் ஒன்றாக விளங்குகிறது.